ஆராய்ச்சி ஏடும் சங்கத்துப் பேரேடும்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்த திருநகர், ஹார்விபட்டி, நிலையூர் முதலிய இடங்களில் வாழும் நெசவாளர், விவசாயி குடும்பங்களில் ஒரு நல்ல மாறுதலைக் கண்டு வருகிறோம். முதுகலைப் பட்டம் பெற்றதோடு நின்றுவிடாமல், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்ட பிள்ளைகள் நம் அங்கத்தினர் வீடுகளிலேயே இப்பொழுது இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய கல்விச் சாலைகளும் தூரத்தில் இல்லை. 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியற் கல்லூரி திருப்பரங்குன்றத்திலேயே இருக்கிறது. 1965இல் ஏற்பட்ட வேளாண்மைக் கல்லூரி ஒத்தக்கடைப் பக்கத்திலும், 1966இல் தோன்றிய பல்கலைக்கழகம் நகருக்கு மேற்கேயும் இருக்கின்றன. கூட்டுறவையே தனிப்பாடமாகப் போதிக்கும் காந்திகிராமமோ 1956 முதல் திண்டுக்கல் சாலையில் விளங்கி வருகிறது.

இப்பிள்ளைகளில் பலர் தங்கள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் பொருள் எது? நெசவாளரின் கூலி, நூல் விலையின் ஏற்றத்தாழ்வு, மல்லிகைப் பூவின் விலை, கூட்டுறவுக் கடன் திருப்பிச் செலுத்தப்படும் விதம் ஆகிய நம்முடைய வாழ்க்கையே அவர்களுடைய ஆராய்ச்சிப் பொருளாகிறது. ஆகவே அவர்கள் எழுதும் ஆய்வேடு சரியாக அமைவது அந்தப் பிள்ளைக்கு மட்டும் நன்மை தருவதன்று. நாளை சர்க்காரும் வங்கியும் நம் தொழிலைப் பற்றி முடிவு செய்யும்போது, யாரோ ஒருவர் எடுத்துக்காட்டப்போகும் எண்கள் அந்த ஏட்டில் இருக்கின்றன. எண் பிசகினால், அதன் பலன் தறிமேடைக்கும் பூந்தோட்டத்துக்கும் வந்து சேரும்.

இந்தப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி உண்டு. “கூட்டுறவைப் பற்றி எழுதப் போகிறவன் கணிப்பொறி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறானே, அது எதற்கு? எழுதி முடிக்க இத்தனை வருஷம் ஏன்?” இது நியாயமான கேள்வி. தறியில் உழைத்துச் சேர்த்த பணத்தைப் படிப்புக்குக் கொடுப்பவர்களுக்கு விடை தெரிய வேண்டும். சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடுவதே உத்தியோகமாக உள்ள நாம், நமக்குத் தெரிந்த வழியில் விடை கூற முயலுகிறோம்.

தறியிலிருந்து பிறந்த வித்தை

நிரல் எழுதுவது என்பது நம்மவருக்குப் புதுமையான சங்கதியே அல்ல. ஜக்கார்டு பொருத்திய தறியில் நெய்கிறவர் அதன் தத்துவத்தைக் கையாலேயே அறிந்திருக்கிறார். கரையில் ஒரு பூ விழ வேண்டுமானால், முதலில் அதைக் கட்டம் போட்ட தாளில் எழுதுகிறோம். பின்னர் கட்டத்துக்குத் தக்கபடி அட்டையில் துளை இடுகிறோம். துளை உள்ள இடத்தில் பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பாது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை வீதம் அட்டைகளைக் கோத்துத் தொடராக மாட்டிவிட்டால், நெசவாளர் ஒவ்வோர் இழையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அட்டைத் தொடர் சொன்னபடி தறி நடக்கும். அந்த அட்டைத் தொடருக்குத்தான் கணிப்பொறிக்காரர் நிரல் என்று பெயர் சொல்லுகிறார்.

பிரெஞ்சு தேசத்து லியோன் நகரில் 1725இல் பாசில் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளைத் தறியில் பயன்படுத்தினார். அவருக்குப் பின் வந்தவர்களின் திருத்தங்களையும் சேர்த்து, 1804இல் ஜோசப் மாரி ஜக்கார்டு தம்முடைய பொறியை உருவாக்கினார். 1839இல் அவருடைய உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் பட்டுப் படத்தில் ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்குப் பொறிக்குக் கட்டளை கொடுக்க இந்தத் துளை அட்டைகளையே அவர் எடுத்துக்கொண்டார். அந்தப் பொறிக்காக ஏடா லவ்லேஸ் அம்மையார் 1843இல் வெளியிட்ட குறிப்புகளை, கணிப்பொறி நிரல் எழுதும் கலையின் ஆரம்பம் என்று பலரும் மதிக்கிறார்கள். 1890இல் அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டே விரைவாகக் கூட்டி முடித்தார்.

நம் நாட்டிலும் இந்த அட்டைகள் வந்து சேர்ந்தன. 1963இல் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அங்கே மாணவர்களுக்கு நிரல் எழுதக் கற்பித்தவர்களுள் முதன்மையானவர் ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அவர்கள். 1965இல் அக்கழகத்தில் கணிப்பொறி இயல் முதுநிலைப் படிப்புத் தொடங்க அவரே காரணமாயிருந்தார். சாதாரண மாணவரும் வாங்கிப் படிக்கத்தக்க பாடநூல்களையும் எழுதினார். நெசவுக்குப் பேர்போன கொங்கு நாட்டில் பிறந்த ஒருவர், நெசவிலிருந்து கிளைத்த வித்தையை இந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது நாம் நினைத்து மகிழத்தக்கது. ஆதலால் நெசவாளர் வீட்டுப் பிள்ளை நிரல் எழுதக் கற்பதைக் குலத்தொழிலை விட்டு விலகுவதாக எண்ண வேண்டியதில்லை.

ஐந்து தேசங்கள் விடுபட்ட கணக்கு

சரி, ஆய்வேட்டுக்கு இது ஏன் அவசியம்? இதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணத்தைக் கூறுகிறோம்.

2010இல் அமெரிக்காவைச் சேர்ந்த கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் இரு பொருளாதார நிபுணர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சர்க்காரின் கடன் தேசத்தின் ஆண்டு உற்பத்தியில் நூற்றுக்கு 90 பங்கைத் தாண்டினால் வளர்ச்சி குன்றிவிடும் என்பது அதன் சாரம். அத்தகைய தேசங்களின் சராசரி வளர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே, நூற்றுக்கு 0.1 குறைவு என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதாடிய பல நாட்டு அரசியல்வாதிகள் இந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டினார்கள்.

அச்சமயம் மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையில் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் படித்துக்கொண்டிருந்தார். வெளிவந்த ஒரு கட்டுரையின் கணக்கைத் தாமே மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட வகுப்புப் பயிற்சி. அவர் இந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டார். எத்தனை முறை போட்டும் அந்த விடை வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டபோது, அவர்கள் தங்கள் கணக்குத் தாளையே அனுப்பிவைத்தார்கள். பார்த்தால், சராசரி எடுக்கும் இடத்தில் 20 தேசங்களின் வரிசைகளையும் சேர்ப்பதற்குப் பதில், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து தேசங்களின் வரிசைகள் விடுபட்டிருந்தன! நம் சங்கத்துப் பேரேட்டில் ஒரு பக்கத்தின் கடைசி ஐந்து வரிகளைக் கூட்டாமல் விட்டதைப் போன்றதுதான் இது.

இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. நியூஜிலாந்தின் ஒரே ஒரு வருஷத்துக் கணக்கும், பிரிட்டனின் 19 வருஷத்துக் கணக்கும் சராசரியில் சமமான பங்கு பெற்றிருந்தன. எல்லாவற்றையும் சீர்செய்து ஹெர்ண்டனும் அவருடைய ஆசிரியர்கள் இருவரும் 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தச் சராசரி நூற்றுக்கு 2.2 வளர்ச்சி ஆயிற்று. பங்கு கொடுக்கும் முறையைப் பற்றி மூல ஆசிரியர்கள் தங்கள் தரப்பை எடுத்துரைத்தார்கள். ஆயினும் வரிசைகள் விடுபட்டதை ஒப்புக்கொண்டார்கள். பெரும் நிபுணர்களின் கணக்கை ஒரு மாணவர் தணிக்கை செய்ய முடிந்தது எதனால்? கணக்குத் தாள் அழியாமல் இருந்ததால், அதைக் கேட்டபோது காட்டியதால்.

பங்கு கொடுக்கும் முறை என்பது என்ன என்று பூ விவசாயிகள் உடனே புரிந்துகொள்வார்கள். பூ மலிந்த ஒரு நாள் 10 கிலோ மல்லிகையைக் கிலோ 300 ரூபாய்க்கு விற்கிறோம். பனிக்காலத்தில் ஒரு நாள் 1 கிலோதான் கிடைக்கிறது. அதைக் கிலோ 1,500 ரூபாய்க்கு விற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி 900 ரூபாய். ஆனால் கைக்கு வந்தது 4,500 ரூபாய், விற்றது 11 கிலோ. வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 409 ரூபாய்தான். முதற் கணக்கை ஆய்வேட்டில் எழுதிவிட்டால், “மதுரை மல்லிகை விவசாயிக்குக் கிலோவுக்கு 900 ரூபாய் கிடைக்கிறதே, உதவி எதற்கு?” என்று யாரும் கேட்கலாம் அல்லவா?

2/60 நூல் தேதியாக மாறும் விந்தை

இன்று எல்லோரும் கட்டம் போட்ட கணக்குத் தாளைக் கணிப்பொறியில் பயன்படுத்துகிறார்கள். அது நல்ல கருவியே. ஆனால் அதன் குணத்தை அறிந்து பழக வேண்டும். இரட்டை இழை அறுபதாம் நம்பர் நூலை நாம் 2/60 என்று எழுதுகிறோம். எக்செல் தாளில் அப்படியே தட்டினால், அது நூல் நம்பர் என்று அந்தப் பொறிக்குத் தெரியாது. 1960ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் என்று எடுத்துக்கொண்டு மாற்றிவிடும்! அந்தக் கட்டத்தை எழுத்து என்று முன்னமேயே குறித்து வைத்தால்தான் தப்பலாம். உயிரியல் அறிஞர்களும் இந்த உபத்திரவத்துக்குத் தப்பவில்லை. மாதப் பெயரை ஒத்த மரபணுப் பெயர்கள் தேதிகளாக மாறிக்கொண்டே இருந்தமையால், 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதே 2020இல் இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகளின் கணக்கில் 15,841 பேர் சில நாட்கள் விடுபட்டார்கள். பழைய வகைக் கணக்குத் தாளில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிகுந்தவை சத்தமில்லாமல் உதிர்ந்துபோயின. எண்கள் விடுபட்டால் யாருடன் பழகியவர்களை எச்சரிப்பது என்பதும் தாமதமாகிறது. கணக்குப் பிழை காகிதத்தோடு நிற்பதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

கையால் கட்டம் கட்டமாக மாற்றிக்கொண்டு போகிறவர், ஆறு மாதம் கழித்து இந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால் பதில் சொல்ல முடிவதில்லை. நிரலில் எழுதி வைத்தவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. “இந்தப் பதிவேட்டைத் திற, கூலி எழுதாத வரிகளைத் தனியே எடுத்து எண்ணிக்கை சொல், மீதியில் ஒவ்வொரு சங்கத்துக்கும் மொத்தக் கூலியை மொத்த நாட்களால் வகு, விடையை அட்டவணையாகக் கொடு” என்று வரி வரியாக எழுதி வைக்கிறார். மேற்பார்க்கும் பேராசிரியர் ஒரு திருத்தம் சொன்னால், ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டினால் போதும். அட்டைத் தொடரில் ஓர் அட்டையை மாற்றிக் குத்துவது போன்றது அது. நிரலும் பிழைபடக்கூடும். ஆனால் பிழை எந்த வரியில் என்று பிறர் விரல் வைத்துக் காட்ட முடியும்.

கற்கும் முறை

நிரல் கற்பதற்குப் பெருஞ் செலவு வேண்டியதில்லை. நியூஜிலாந்தின் ஆக்லாந்து சர்வகலாசாலையில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் தொடங்கிய ‘ஆர்’ என்னும் மொழி புள்ளியியல் கணக்குக்கு ஏற்றது. கிடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட ‘பைத்தான்’ பல வேலைகளுக்கும் ஏற்றது. இரண்டும் இலவசம். இவற்றில் எதைக் கற்பது என்று மாதக்கணக்கில் வாதாடிக் காலம் போக்கலாகாது. தம் துறையில் தமக்கு அருகிலுள்ளவர் எதைப் பயன்படுத்துகிறாரோ அதைக் கற்பதே விவேகம். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்.

போதிப்பதற்கும் ஆள் உண்டு. சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் அவர்கள் பைத்தான் மொழியில் நடத்திய பாடங்கள் என்.பி.டி.இ.எல். என்னும் மத்திய சர்க்கார் திட்டத்தின் மூலம் எவரும் கேட்கும்படி கிடைக்கின்றன. மும்பை தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழிலும் பேசும் சிறு பாடங்கள் உள்ளன. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ தமிழிலேயே கணிப்பொறி நூல்களை இலவசமாகத் தந்து வருகிறது. ஆங்கிலம் தடையாயிருக்கும் பிள்ளைகள் இங்கே தொடங்கிப் பின்னர் மேலே செல்லலாம்.

ஆயினும் பாடங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் வித்தை வந்துவிடாது. தறியின் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யாரும் நெசவாளர் ஆனதில்லை. தார் சுற்றக் கற்று, அறுந்த இழையை முடியக் கற்று, பிறகு நாடாவைத் தொடுகிறோம். அவ்வாறே மாணவர் தம்முடைய சொந்தக் கணக்கிலிருந்து பத்து வரிகளை எடுத்துக்கொண்டு, அதைத் திறக்கவும், கூட்டவும், ஒரு படம் வரையவும் முதலில் கற்க வேண்டும். அந்தப் பத்து வரியின் விடையைத் தாளில் கையாலும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்தால்தான் ஆயிரம் வரிக்குப் போகலாம். தினந்தோறும் ஒரு மணி நேரம் பழகுவது, மாதம் ஒரு முறை இரவு முழுதும் விழித்திருப்பதைவிட மேலானது.

இன்று கேட்ட மாத்திரத்தில் நிரல் எழுதிக் கொடுக்கும் செயற்கை அறிவுப் பொறிகள் வந்துவிட்டன. அவற்றைத் தொடவே கூடாது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் பிறர் எழுதிக் கொடுத்த ஐந்தொகையில் படிக்காமல் கையெழுத்திட்ட காரியதரிசியைத் தணிக்கையின்போது யாரும் காப்பாற்ற முடியாது. வாய்மொழித் தேர்வில் எழுந்து நின்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல வேண்டியவர் மாணவரே.

ஆறு புத்தகங்கள்

இனி, ஒழுங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022ஆம் வருஷத்திய பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி ஆராய்ச்சிப் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருஷம், சாதாரணமாகக் கூடியது 6 வருஷம். இத்தனை நீண்ட காலத்தில் ஞாபகத்தை நம்பி வேலை செய்ய இயலாது. நல்ல முறையில் நடக்கும் சங்கம் எந்தப் புத்தகங்களை வைத்திருக்கிறதோ, அவற்றையே மாணவரும் வைத்திருந்தால் போதும்.

முதலாவது, மூல ரசீது. களத்தில் எழுதி வந்த வினாத்தாள்களையும், முதன்முதல் பதிந்த கணக்கையும் தனியே பூட்டி வைக்க வேண்டும். அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தலாகாது. திருத்தமெல்லாம் பிரதியில்தான்.

இரண்டாவது, நாள்வழி. இன்று என்ன செய்தோம், ஏன் செய்தோம், நாளை எங்கே தொடங்குவது என்று தினமும் மூன்று வரி தேதியிட்டு எழுதுவது. ஊருக்குப் போய்த் திருவிழா முடிந்து வந்தாலும், விட்ட இடத்தை இது காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது, பதிவேட்டு விளக்கம். ‘கூலி’ என்ற கட்டத்தில் இருப்பது நாள் கூலியா, ஒரு சேலைக்கு உரிய கூலியா, பிடித்தம் போக மிச்சமா? ஒவ்வொரு கட்டத்துக்கும் அர்த்தம், அளவு, கிடைத்த இடம் ஆகியவற்றை எழுதி வைக்காவிட்டால், எழுதியவருக்கே பிற்பாடு விளங்காது.

நான்காவது, தீர்மானப் புத்தகம். தீர்மானத்தை அடித்து எழுதும் வழக்கம் நம்மிடம் இல்லை. பழையது பழையபடியே இருக்க, திருத்தத் தீர்மானம் புதிதாக ஏறுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவி நிரலுக்கும் ஏட்டுக்கும் இந்த வேலையைச் செய்கிறது. எந்தத் தேதியில் எந்த வரி, என்ன காரணத்துக்காக மாறியது என்று அது சொல்லும். ‘கடைசிப் பிரதி’, ‘மெய்யான கடைசிப் பிரதி’ என்று பத்துக் கோப்புகளை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. கோப்பின் பெயரில் வருஷம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணை எழுதினால் அவை தாமே காலக்கிரமமாக நிற்கும்.

ஐந்தாவது, கடன் பேரேடு. பிறரிடமிருந்து எடுத்த கருத்தெல்லாம் கடன். யாரிடம், எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் என்று அன்றைக்கே பற்று எழுத வேண்டும். ‘சோடெரோ’ என்னும் இலவசக் கருவி இதற்கு உதவும். கடனை மறைப்பவருக்கு 2018ஆம் வருஷத்து விதிகள் கடுமையானவை. பிறர் எழுத்தோடு ஒத்திருப்பது நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டினால் ஏட்டைத் திருத்திக் கொடுக்க வேண்டும். 40ஐத் தாண்டினால் ஒரு வருஷம் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆய்வேடுகள் இன்று ‘சோத்கங்கா’ என்னும் பொதுக் களஞ்சியத்தில் யாவரும் பார்க்க வைக்கப்படுகின்றன. மறைத்து வைக்க இடமில்லை.

ஆறாவது, இருப்புச் சரிபார்ப்பு. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் பிரதி எடுக்க வேண்டும். ஒன்று கணிப்பொறியில், ஒன்று தனித் தட்டில், ஒன்று வேறோர் இடத்தில். மூன்றும் ஒரே பையில் இருந்தால் அது ஒரு பிரதிதான். பை தொலைந்தால் மூன்றும் தொலையும். அந்தப் பிரதி திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் சேர்ந்து தினமும் கால் மணிக்கு மேல் பிடிக்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற மூத்தோர் சொல் பணத்துக்கு மட்டும் அன்று. காலத்துக்கும் உழைப்புக்கும் அதுவே சட்டம்.

அங்கத்தினர் கடமை

மாணவர் கடமையைச் சொன்னோம். அங்கத்தினராகிய நமக்கும் கடமை உண்டு.

வினாத்தாளோடு ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், “எதையாவது எழுதிக்கொள்” என்று சொல்லி அனுப்பிவிடலாகாது. கூலியைக் கூட்டியோ, விளைச்சலைக் குறைத்தோ சொன்னால் உதவி கிடைக்கும் என்று எண்ணுவதும் தவறு. நாம் சொன்ன பொய்யை எவ்வளவு நேர்த்தியான நிரலும் மெய்யாக்காது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதும் நல்ல பதிலே.

சங்கத்தின் புத்தகங்களைக் காட்டும்போது நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின்பேரில் காட்ட வேண்டும். எந்த அங்கத்தினர் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பது ஊரார் அறிய வேண்டிய சங்கதி அன்று. பெயருக்குப் பதில் எண்ணிட்டுக் கொடுப்பதும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியலைச் சங்கத்திலேயே பூட்டி வைப்பதும் முறையாகும். ஏடு முடிந்ததும் ஒரு பிரதி சங்கத்துக்கு வர வேண்டும் என்றும், அதன் முடிவை மாணவரே மகாசபையில் எளிய தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும் ஆரம்பத்திலேயே கேட்டுப் பெற வேண்டும். நம்மிடம் வாங்கிய கணக்கு நமக்கே திரும்பி வருவதுதான் நியாயம்.

இன்னொரு நன்மையையும் நாம் நோக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்க 2,516 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய சர்க்கார் 2022இல் அங்கீகரித்தது. காகிதப் பேரேடு திரையில் ஏறும்போது, திரையில் காணும் எண் எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்தவர்கள் சங்கத்துக்குள்ளேயே வேண்டும். இல்லாவிட்டால் எந்திரம் சொல்லிவிட்டது என்று தலையசைப்பதைத் தவிர வேறு வழி இராது. 2/60 நூல் ஏன் பிப்ரவரி மாதமாயிற்று என்று கண்டுபிடிக்க, நூலையும் அறிந்து நிரலையும் அறிந்த ஒருவர் வேண்டும். அப்படிப்பட்டவர் நம் வீட்டுப் பிள்ளையாயிருந்தால் அதைவிடப் பாக்கியம் எது?

ஆகவே பெற்றோர்கள் பொறுமையோடிருக்க வேண்டுகிறோம். பிள்ளை திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும் நேரத்தில் அறுந்த இழையைத் தேடிக்கொண்டிருக்கலாம். பாவு பிணைக்கும் நாளில் ஒரு முழமும் நெய்யப்படுவதில்லை. ஆனால் அந்த நாளைத் தண்ட நாள் என்று எந்த நெசவாளரும் சொல்லமாட்டார். இரண்டு மணி நேரம் குறுக்கிடாத ஓர் இடமும், சனிக்கிழமை தோறும் “பிரதி எடுத்தாயா?” என்று ஒரு வார்த்தையும் வீட்டில் கிடைத்தால், அதுவே பெரிய ஒத்தாசை.

மாணவ மாணவியரையும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஏட்டில் உள்ள ஒவ்வோர் எண்ணும் யாரோ ஒருவருடைய ஒரு நாள் உழைப்பு. அதை ஒழுங்காகப் பதிந்து, கேட்டவருக்குக் காட்டத்தக்க வகையில் கணக்கிட்டு வையுங்கள். எந்த நாளில் யார் வந்து தணிக்கை செய்தாலும் புத்தகத்தை விரித்து வைத்துவிட்டு நிமிர்ந்து நிற்கக்கூடிய சங்கமே நல்ல சங்கம். உங்கள் ஆய்வேடும் அப்படி அமையட்டும்.